உருகாத அரக்கு

முப்பத்து நான்கு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. தில்லியில் ஒரு தடயவியல் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் ஒப்பந்த உதவியாளனாக இருந்தேன். ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தம் தீரும், அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள், மறுநாள் வாசல் காவலர் நம்மைத் தெரியாதவர் போல யார் வேண்டும் என்று கேட்பார். ஆனால் நான் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் ஆசிரியராகச் சேரப் போகிறேன் என்றதும், என் பிரிவில் இருந்த இளையவர்கள் கூடிப் பேசி நிரந்தர ஊழியர்களுக்குச் செய்வது போலவே செய்துவிட்டார்கள். சால்வை, சுவர்க்கடிகாரம், சமோசா, குலாப் ஜாமுன். கேலிக்கு ஒரு கைத்தடி வேறு. அதை ஊன்றிக் கூன் போட்டு நடந்து காட்டினேன். அந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்பியது தப்பு. காலில் என்ன அடி என்று அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

அந்த விழாவில்தான் கவிதா ஒரு கேள்வி கேட்டாள். அவள் தில்லியிலேயே மந்திர் மார்க் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது காவல் நிலையங்களிலிருந்து தடயப் பொருள்கள் பிளாஸ்டிக் உறைகளில், பட்டைக் குறியீடு ஒட்டி வருகின்றன. நடுவில் யாராவது பிரித்தால் உறையின் வாய் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். துணிப் பொட்டலத்தையும் அரக்கு முத்திரையையும் அவள் கையால் தொட்டதே இல்லை.

"இந்த பேக் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி, போலீஸே நடுவுல சாமானை மாத்திட்டா நமக்கு எப்படிண்ணா தெரியும்?"

பெரும்பாலும் தெரியாது என்றேன். தெரிந்த சமயம் ஏதாவது உண்டா என்றாள். ஒரு தடவை என்றேன்.

"அச்சா, அப்ப அத எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கறேன், ஒரு மாசம் ஆனாலும் பரவால்ல."

அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களும் படிக்கலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர், அம்மா கரும்பு வெட்டப் போவாள். விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல், பிறகு வேறு ஊரில் தடயவியல் முதுகலை. தில்லிக்கு வந்தது அரசுத் தேர்வுக்குப் படிக்க. முனிர்காவில் நாலு பேர் ஒரு அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரரின் தட்டில் என்ன சப்ஜி என்று தெரியும். தேர்வு கைகொடுக்கவில்லை, இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் குறிச்சீட்டு எழுதினேன், இரண்டாம் வருடம் துணியில் கறை படிந்த இடங்களைச் சோதனைக்கு வெட்டி எடுத்தேன், மூன்றாம் வருடம்தான் பொட்டலம் பிரிக்க விட்டார்கள். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது ரத்தக் கறை படிந்த துணிகளைப் பிரித்துப் பார்ப்பது என்றேன். "இதுக்கா இவ்ளோ படிச்ச? சலவைக் கடையில எட்டாவது படிச்சவன் செய்றானே" என்றாள். சொந்தக்காரர்களிடம் மட்டும் போலீசில் பெரிய வேலை என்று சொல்லிவைத்திருந்தாள்.

பொட்டலம் கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தில்லிப் போலீசார் அதைப் புலிந்தா என்பார்கள். கொலை நடந்த இடத்தில் ஒரு சட்டை கிடைக்கிறது என்றால், விசாரணை அதிகாரி அதை அங்கேயே காகிதத்தில் சுற்றி, வெள்ளைத் துணியில் வைத்து, ஊசி நூலால் தைக்க வேண்டும். தையல் முடிகிற இடங்களில் எல்லாம் அரக்கை உருக்கி ஊற்றி, அது ஆறுவதற்குள் தன் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். அதே முத்திரையை ஒரு தாளிலும் பதித்து மாதிரியாக இணைக்க வேண்டும். இதெல்லாம் யாருக்கும் வந்துவிடும். முக்கியமானது அடுத்தது. பொட்டலத்தை முத்திரையிட்டு முடித்ததும், பித்தளை முத்திரையை அதிகாரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சம்பந்தமில்லாத ஒரு பொதுச் சாட்சியிடம் கொடுத்துவிட வேண்டும். பொருள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்வரை முத்திரை அந்த ஆளிடம்தான் இருக்கும். பூட்டு ஓரிடம், சாவி ஓரிடம். இதை யோசித்து வைத்தவர் நல்ல ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், தெருவில் போகிற யாரும் கொலை வழக்கில் சாட்சியாக வர மாட்டார்கள். முத்திரையைப் பக்கத்தில் நிற்கிற கான்ஸ்டபிளிடமே கொடுப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது அதிகாரியின் மேசை இழுப்பறைக்கு வந்துவிடும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, சௌகரியம்தான். ஆனால் கெட்ட எண்ணம் ஒரு நாள் வருகிறபோது அதற்கு வேலையே மிச்சம் வைக்காமல் எல்லாம் தயாராக இருக்கும்.

ஆய்வகத்துக்கு வரும்வரை பொட்டலங்கள் மால்கானாவில் கிடக்கும். காவல் நிலையத்தின் பண்டகசாலைக்கு அந்தப் பெயர். பெரும்பாலும் தகரக் கூரை போட்ட அறை. கைப்பற்றிய சாராயம், குக்கர், சைக்கிள், கத்தி, கொலையுண்டவனின் செருப்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். எது காணாமல் போனாலும் எலி தின்றுவிட்டது என்று எழுதுவார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பொட்டலத்தோடு வந்த கான்ஸ்டபிள், உள்ளே இருந்த கத்தியையும் எலிதான் தின்றது என்று சாதித்தார். எங்கள் ரேணு மேடம் அமைதியாகக் கேட்டுவிட்டு, அந்த எலியைப் பிடித்து அனுப்புங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமே கத்தி வந்துவிட்டது.

ரேணு மேடம்தான் எங்கள் பிரிவின் தலைவர். மீரட்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசை இழுப்பறையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் அறிக்கை எழுதினாலும் அவர் படிக்க மாட்டார். எழுதியவர் அவர் மேசைக்கு எதிரே நின்று, சாட்சிக் கூண்டில் நிற்பது போல, அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மேடம் தன் கறுப்புச் சால்வையை வக்கீல் அங்கி போலத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆகிவிடுவார். பிறகு கேள்விகள் வரும். அன்று மின்சாரம் இருந்ததா, நீங்கள் கண்ணாடி அணிபவரா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வெள்ளைத் துணி என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வெள்ளை? ஒரு தடவை நான் பதில் தெரியாமல் விழித்தபோது, கனம் கோர்ட்டார் அவர்களே, சாட்சிக்குத் தன் பெயராவது தெரியுமா என்று கேட்க அனுமதி வேண்டும் என்று கடலையை மென்றபடி சொன்னார். அறையே சிரித்தது. வீட்டுக்குப் போனதும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நின்று வாய்விட்டுப் படிக்க முடியாத வாக்கியத்தை எழுதக் கூடாது என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கை பழகிவிட்டது.

எல்லா அறிக்கையிலும் ஒரே மாதிரி வருகிற வாக்கியம் ஒன்று உண்டு. 'முத்திரைகள் பழுதின்றி இருந்தன. மாதிரி முத்திரையுடன் ஒத்திருந்தன.' இதை எழுதாமல் எந்தப் பொட்டலத்தையும் பிரிக்க முடியாது. எழுதி எழுதிக் கை தானாகவே எழுதும். மேடம்கூட இந்த இடத்தில் மட்டும் கடலை எடுக்கக் குனிந்துகொள்வார்.

இனி வழக்கு.

ஒரு குளிர்காலத்தில் பொட்டலம் வாங்கும் மேசையில் எனக்கு முறை. வெளியே பனிமூட்டம், உள்ளே ஒரே ஒரு ஹீட்டர், அதைச் சுற்றி நாங்கள். அப்போது ஒரு காவல் நிலையத்தின் தலைமை அதிகாரியே நேரில் பொட்டலம் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் தோமர். சாதாரணமாகக் கான்ஸ்டபிள்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவார். இவரோ ஜீப்பில், கையில் ஒரு டப்பா கஜக்கோடு. எள்ளும் வெல்லமும் போட்ட அந்தக் குளிர்கால மிட்டாயை எல்லோருக்கும் தானே எடுத்துக் கொடுத்தார். எந்த ஊர் என்றார். விழுப்புரம் பக்கம் என்றேன். அப்படியென்றால் மெட்ராஸ் என்று முடிவு செய்து, தனக்கு இட்லி எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னார்.

பொட்டலத்தில் இருந்தது ஒரு காவலாளியின் சட்டை. பல வருடங்களுக்கு முன் தில்லியின் ஓரத்தில், கட்டுமானச் சாமான் வைக்கும் ஒரு கிடங்கில் வேலை பார்த்த குமரேசன் என்கிற தமிழ்ப் பையன் அடித்துக் கொல்லப்பட்டு வடிகால் ஓரம் கிடந்தான். அந்த வழக்கை அப்போது சப்-இன்ஸ்பெக்டராக விசாரித்தவர் தோமர்தான். சட்டையைக் கைப்பற்றி முத்திரையிட்டவர் சோதனைக்கு அனுப்பவே இல்லை. யாரையும் கைது செய்யவுமில்லை. துப்புத் துலங்கவில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். செத்தவனுடைய அக்கா விடவில்லை. இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவரைப் பிடித்து, பல வருடம் அலைந்து, அந்தச் சட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தாள். அடித்தவனுக்கும் காயம் பட்டிருந்தால் அவன் ரத்தமும் அந்தச் சட்டையில் இருக்கும். இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

பொட்டலத்தில் ஐந்து முத்திரைகள். மாதிரித் தாளும் இருந்தது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அறிக்கையின் வரைவில் வழக்கமான வாக்கியத்தை எழுதினேன். பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் பழைய வழக்குகளின் அலமாரியில் வைத்தேன்.

வைத்த கையை எடுக்க முடியவில்லை.

அந்த அலமாரியில் வேறு வேறு காவல் நிலையங்களின் பழைய பொட்டலங்கள் இருந்தன. எல்லாம் மால்கானாவில் வருடக்கணக்காகக் கிடந்து வந்தவை. தில்லி மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சூட்டில் அரக்கு இளகும். மேலே இருக்கிற சாமானின் பாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும். பக்கத்துத் துணியின் இழை அதில் பதியும், தூசி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் அதே அரக்கு விரிசல் விடும். அலமாரியில் இருந்தவை எல்லாம் மிதிபட்ட பணியாரம் போல இருந்தன. எழுத்துகளைத் தேடித்தான் படிக்க வேண்டும். நடுவில் இந்த ஒன்று மட்டும் நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அது மட்டுமா, சாலையோரம் காற்றில் தீக்குச்சி கிழித்து அரக்கு உருக்கினால் கரி படியும், துணி பொசுங்கும், ஒரு முத்திரையாவது கோணலாக விழும். இதில் ஐந்தும் நேராக இருந்தன. மேசையில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வைத்து, டீ குடித்துக்கொண்டே செய்த வேலை.

இந்த இடத்தில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். காவல் நிலையத்துக்கே போன் போட்டு, பொட்டலம் இத்தனை காலம் எங்கே வைக்கப்பட்டிருந்தது, குளிர்சாதன அறையிலா என்று மரியாதையாகக் கேட்டேன். பின்னால் மேடம் இதைக் கேள்விப்பட்டு, திருடனைக் கூப்பிட்டு ஜன்னல் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று விசாரித்திருக்கிறாய், சபாஷ் என்றார்.

இரண்டு நாளில் தோமர் மறுபடி வந்தார். இந்தத் தடவை டப்பா இல்லை. கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தார். கோபமே படவில்லை. பிள்ளைக்கு வேலை வாங்கித் தரப் பேசுகிற பெரியப்பா மாதிரி பேசினார்.

"பேட்டா, உன்னைப் பொய் எழுதச் சொல்லி யாராவது கேட்டார்களா? முத்திரையையும் மாதிரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார். ஒத்துப்போகிறதா இல்லையா?"

"ஒத்துப்போகிறது சார்."

"அந்த உண்மையை எழுது. அவ்வளவுதான். அரக்கின் அழகைப் பற்றி உன்னிடம் கவிதை யார் கேட்டார்?"

பிறகு என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்பது தனக்குத் தெரியும் என்றார். நிர்வாகப் பிரிவில் தனக்கு வேண்டியவர் இருக்கிறார், ஒப்பந்தமாகவே எத்தனை நாள் இருப்பாய், நிரந்தரமாக வேண்டாமா என்றார். வீட்டில் நீதான் முதல் படிப்பாளியாமே என்றார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் என்னை வாட்டியது. அந்த ஒரு வாக்கியத்தை எழுதினால், பொட்டலத்தைப் பிரிப்பார்கள். உள்ளே ஏதோ ஒரு பழைய சட்டை இருக்கும். மனித ரத்தம் கண்டறியப்படவில்லை என்று முடிவு வரும். பழைய பொருள்தானே, அழிந்திருக்கும் என்று எல்லோரும் நம்புவார்கள். வழக்கு மறுபடி மூடப்படும், இந்தத் தடவை விஞ்ஞானத்தின் கையெழுத்தோடு. ஒரு கொலை துலங்காமல் போவதற்கு யாரும் பெரிய சதி செய்ய வேண்டியதில்லை. ஒருவர் அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் இருந்தால் போதும், இன்னொருவர் வழக்கமாக எழுதுவதை எழுதினால் போதும்.

முனிர்கா அறையில் ரமேஷிடம் மட்டும் பெயர் எதுவும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவன் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பவன். "வேலை போச்சுன்னா என்னடா? எங்ககூட உக்காந்து மறுபடி படி. ஆனா பெட்ஷீட் நாங்க பங்கு போட்டுட்டோம், அது கிடைக்காது" என்றான்.

மறுநாள் ஆய்வக வாசலில் ஒரு பெண் என்னைக் கேட்டு நிற்பதாகக் காவலர் சொன்னார். நாற்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். ஏதோ ஓர் அலுவலகத்து கேன்டீனில் சமைப்பவள். இங்கே ஒரு தமிழ்ப் பையன் வேலை பார்க்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குமரேசனின் அக்கா, செல்வி. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு பேசக் கூடாது என்பது எங்கள் விதி. எதுவும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. நான் கேக்கறத கேட்டுட்டு சும்மா நில்லு. சட்டை வந்துடுச்சா?"

நான் சும்மா நின்றேன்.

"வந்துடுச்சு. உன் மூஞ்சிலயே தெரியுது. ஏன் இப்படி இருக்குது உன் மூஞ்சி? சோறு தின்னியா?"

தின்றேன் என்றேன். இதையாவது சொல்லலாம் என்று தோன்றியது.

"வக்கீல் சாப் சொல்லிட்டாரு. இதுல ஒண்ணும் வரலன்னா அவ்ளோதான், இனிமே எந்தக் கோர்ட்டும் எடுக்காதாம். அதான் ஒரு எட்டு கட்டடத்தயாவது பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பெரிய கட்டடமாத்தான் இருக்குது."

கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் நேராக மேடத்திடம் போய், இப்படி ஒருவர் வந்தார், நான் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தோமர் கேன்டீனில் பேசியதையும் சேர்த்தே எழுதினேன். மேடம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அறிக்கையோடு அவர் எதிரே நின்றேன். முத்திரைகள் மாதிரியுடன் ஒத்திருக்கின்றன என்று படித்தேன். மேடம் கடலைக்குக் குனியவில்லை. தொடர்ந்து படித்தேன். ஆயினும் பல கோடைகள் மால்கானாவில் இருந்ததாகக் கூறப்படும் பொட்டலத்தின் அரக்கில் தளர்ச்சியோ, பாரத்தால் ஏற்படும் தட்டையோ, துணியிழையின் பதிவோ, தூசிப் படிவோ காணப்படவில்லை. அதே காலத்தைச் சேர்ந்த மற்றப் பொட்டலங்களின் ஒப்பீட்டுப் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே பொட்டலம் பிரிக்கப்படாமல் நீதிமன்றத்தின் பார்வைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.

சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சாட்சி அரக்கு நிபுணரா?"

"இல்லை. ஆனால் தினமும் அரக்கு பார்ப்பவன்."

"மற்ற நிலையங்களில் அரக்கு இளகியதால் இங்கேயும் இளக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?"

"இல்லை. இளகாத ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மால்கானாவைக் கோர்ட்டார் அவர்களே வந்து மே மாதத்தில் பார்க்கலாம்."

"உங்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது?"

அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மார்ச்சில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். அப்புறம் கடலை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அத்தனை வருடத்தில் அந்த டப்பா மேசையின் நடுக்கோட்டைத் தாண்டி வந்தது அன்றுதான்.

நீதிமன்றத்தில் பொட்டலத்தை நீதிபதியின் முன்னால் பிரிக்க என்னை அழைத்தார்கள். பிரித்தேன். உள்ளே காவலாளிகள் போடுகிற நீலச் சட்டை, மண்ணும் துருவுமாக ஒன்று. செல்வி அக்காவைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். அவள் கிட்டே போய் விலாப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். தம்பியுடையது இல்லை என்று இந்தியில் சொன்னாள். காவல்துறைக்கு வாதாடியவர், கம்பெனிச் சட்டை எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும் என்றார்.

"சட்டை எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், சாப். அவன் ஒல்லி. தொளதொளவென்று இருக்கிறதென்று இரண்டு பக்கமும் நான்தான் பிடித்துக் கையால் தைத்துக் கொடுத்தேன். என் தையல் ரொம்பக் கோணல். அவ்வளவு கோணலாக இந்தத் தில்லியில் வேறு யாராலும் தைக்க முடியாது."

நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், கொலை நடந்த வருடத்தின் பொருள்கள் அத்தனையும் மால்கானாவிலிருந்து கோர்ட்டுக்கு வர வேண்டும், நானே சரிபார்க்கிறேன் என்று உத்தரவு போட்டார்.

அடுத்த தாரீக்கில், அதாவது அடுத்த விசாரணை நாளில், மால்கானாவுக்குப் பொறுப்பான தலைமைக் காவலர் ஓம் பிரகாஷ் மற்ற சாமான்களோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தனியாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்தால் உள்ளே இன்னொரு புலிந்தா. அதே எழுத்துகள், அதே எண்ணிக்கையில் முத்திரைகள். ஆனால் ஒவ்வொன்றும் நசுங்கி, விரிந்து, கறுத்து, ஒன்றில் குக்கர் அடிப்பாகத்தின் வட்டம்கூடப் பதிந்திருந்தது. எனக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இதை ஏன் வைத்திருந்தாய் என்று நீதிபதி கேட்டார்.

"ஹுசூர், வழக்குப் பொருளை அழிக்க எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். உத்தரவு இல்லாமல் அழித்தால் என் பென்ஷன் போய்விடும்."

"மாற்றி வைக்க உத்தரவு இருந்ததா?"

"அது வாய்மொழி, ஹுசூர்."

தோமர் நீதிமன்றத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பொட்டலம் மிஞ்சியது அவர் தவறு என்றுகூடச் சொல்ல முடியாது. மாற்றச் சொன்னவர், அழித்துவிடு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரா? கையெழுத்து இல்லாமல் மால்கானாக்காரர் துடைப்பத்தைக்கூடத் தூக்கிப் போடுவாரா? அவர்களுடைய பயமே அந்தச் சட்டையைக் காப்பாற்றியது. அதற்கு நான் எந்தப் பெருமையும் கொண்டாட முடியாது.

ஆய்வகத்தில் அந்தப் பொட்டலத்தை முத்திரைகள் சேதமாகாமல் பக்கவாட்டில் வெட்டிப் பிரித்தோம். நீலச் சட்டை, விறைத்துப் போயிருந்தது. விலாவில் இரண்டு பக்கமும் கையால் போட்ட தையல். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நிஜமாகவே மகா கோணல் என்றார். காலரிலும் வலது கையிலும் இரண்டு ஆண்களின் ரத்தம் இருந்தது. ஒன்று குமரேசனுடையது. செல்வி அக்கா ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டது குமரேசனை வேலைக்கு வைத்திருந்த கிடங்கு ஒப்பந்ததாரரைத்தான்; நீதிமன்ற உத்தரவின்பேரில் அவரிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். தோமரோடு அவருக்கு நெடுநாள் பழக்கம் என்று பின்னால் தெரிந்தது. மாதிரி பொருந்தியது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, இதற்கு மேல் நான் எழுதக் கூடாது. தோமரின் மேல் துறை விசாரணை நடக்கிறது, அது இன்னும் மெதுவாக நடக்கிறது. ஓம் பிரகாஷைப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் நாற்சந்தியில் என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி என்னை மட்டும் சாலையைக் கடக்க வைத்தார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

என் ஒப்பந்தம் அந்த மார்ச்சில் நீட்டிக்கப்படவில்லை. கோப்பு மேசைக்கு மேசை நின்று நின்று போனது. ரமேஷும் மற்றவர்களும் சொன்னதற்கு மாறாகப் பெட்ஷீட்டும் கொடுத்தார்கள், சோறும் போட்டார்கள். மழைக்காலம் தொடங்கும்போது கையெழுத்தாகி வந்தது. மேடம் எத்தனை தடவை நிர்வாகப் பிரிவின் மாடிக்கு ஏறி இறங்கினார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகும் சில வருடங்கள் அங்கேயே வேலை பார்த்துவிட்டு, நானாகத்தான் விலகினேன்.

கவிதா, புதிய உறைகள் நல்லவை. நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு பொருளை உறையில் போடாமலே இருந்தால் எந்த உறையும் நிறம் மாறாது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

தில்லியை விட்டுக் கிளம்பிய வாரத்தில் செல்வி அக்காவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். நான் இப்போது ஆய்வகத்து ஆள் இல்லை, தாராளமாகப் பேசலாம் என்றேன். என் சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வரிசையாக விசாரித்தாள். அப்புறம், சட்டையைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று கேட்டாள்.

"கேஸ் முடிஞ்சாதான் குடுப்பாங்கக்கா. ரொம்ப நாளாகும்."

"ஆவட்டும். இத்தினி வருசமா எந்த ஆபீசுக்குப் போனாலும் முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சுன்னுதான தம்பி சொன்னாங்க. இப்பதான ஆரம்பிச்சிருக்குது."

கோர்ட்டுக்குப் போகிற பேருந்து வந்தது. அன்று அவள் சாட்சி சொல்லும் நாள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.